ஒரு நாய், ஒரு கட்சித் தலைவர், 12 பேர்: ஜூரியிடம் நீதிபதி எதுவரை பேசலாம்?

1979 ஜூன் மாதக் கடைசி. லண்டனில் ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் அமைப்புக்கு நிதி திரட்ட ஒரு நகைச்சுவை நிகழ்ச்சி நடக்கிறது. பீட்டர் குக் என்ற நகைச்சுவைக் கலைஞர் நீதிபதி வேடத்தில் மேடைக்கு வருகிறார். எதிரே ஜூரி உட்கார்ந்திருப்பதாகப் பாவனை. சாட்சிகளை ஒவ்வொருவராக எடுத்து, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் கிழித்துத் தொங்கவிடுகிறார். கடைசியில் ஜூரியைப் பார்த்துச் சொல்கிறார்: இனி நீங்கள் உள்ளே போகலாம், போய், ‘குற்றவாளி அல்ல’ என்ற உங்கள் தீர்ப்பைக் கவனமாக ஆலோசிக்கலாம்.

அரங்கம் அதிர்ந்தது. இன்று அந்தக் காட்சியைத் தனியாகப் பார்க்கும் தமிழ் வாசகருக்கு அவ்வளவு சிரிப்பு வராது. காரணம், ஜூரி என்ற ஏற்பாடே நமக்கு மறந்துபோய்விட்டது. நீதிபதிக்கும் ஜூரிக்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோட்டைத் தெரிந்துகொண்டால்தான் குக் எதைக் குத்திக் காட்டினார் என்பது விளங்கும். அவர் குத்திக் காட்டிய வழக்கு, பிரிட்டிஷ் அரசியலை உலுக்கிய ஜெரமி தோர்ப் வழக்கு. அதை வைத்துக்கொண்டே ஜூரி விசாரணையைப் புரிந்துகொள்ளலாம். பாடப்புத்தக உதாரணங்களைவிட இது சுவாரசியமானது.

கோடு இதுதான். சட்டம் நீதிபதியின் கையில்; நடந்தது என்ன என்ற முடிவு ஜூரியின் கையில். இந்தச் சாட்சியத்தை அனுமதிக்கலாமா, இந்தக் குற்றத்துக்குச் சட்டத்தில் என்ன பொருள், என்ன தண்டனை என்பதெல்லாம் நீதிபதியின் வேலை. சாட்சி சொல்வது உண்மையா பொய்யா, குற்றம் சாட்டப்பட்டவர் அதைச் செய்தாரா இல்லையா என்பதைத் தீர்மானிப்பவர்கள் பொதுமக்களிலிருந்து எடுக்கப்பட்ட 12 பேர். அவர்களுக்குச் சட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. காரணமும் சொல்ல வேண்டியதில்லை. ‘குற்றவாளி’ அல்லது ‘குற்றவாளி அல்ல’, அவ்வளவுதான்.

இங்கே ஒரு சிக்கல். சட்டம் தெரியாத 12 பேர் வாரக்கணக்கில் சாட்சியம் கேட்டுவிட்டு, அதில் எது முக்கியம் என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பார்கள்? அதற்காகத்தான் இங்கிலாந்தில் வாதங்கள் முடிந்த பிறகு நீதிபதி ஜூரியிடம் நீளமாக ஒரு உரை ஆற்றுகிறார். தொகுப்புரை என்று வைத்துக்கொள்வோம். சட்டம் இது, அரசுத் தரப்பு இன்னின்னதை நிரூபிக்க வேண்டும், இந்தச் சாட்சி இதைச் சொன்னார், அந்தச் சாட்சி அதை மறுத்தார் என்று எடுத்துவைப்பார். சாட்சியத்தைப் பற்றித் தன் அபிப்பிராயத்தைச் சொல்லவும் அவருக்கு இடம் உண்டு. ஆனால் சொல்லும்போதே, ‘இது என் கருத்து, ஏற்பதும் தள்ளுவதும் முழுக்க உங்கள் விஷயம்’ என்று நினைவூட்ட வேண்டும்.

இந்தக் கடைசி வாக்கியம்தான் நம் கதையின் மையம். இனி வழக்குக்கு வருவோம்.

தோர்ப் 1967 முதல் லிபரல் கட்சியின் தலைவர். நல்ல பேச்சாளர், மிமிக்ரி செய்வதில் கெட்டிக்காரர், உடையில் பழைய பாணி மிடுக்கு. 1974 பிப்ரவரித் தேர்தலில் அவர் கட்சிக்கு 60 லட்சம் வாக்குகள் விழுந்தன. கிடைத்த இடங்கள் என்னவோ 14 மட்டும். ஆனாலும் யாருக்கும் பெரும்பான்மை இல்லாத அந்த நாடாளுமன்றத்தில், பிரதமர் எட்வர்ட் ஹீத் அவரைக் கூட்டணி பேச அழைத்தார். மந்திரி பதவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்த மனிதர்.

அவர்மேல் ஒரு பழைய நிழல் இருந்தது. நார்மன் ஸ்காட் என்ற இளைஞர், 1960-களின் தொடக்கத்தில் தனக்கும் தோர்ப்புக்கும் உறவு இருந்ததாகக் கேட்பவர்களிடமெல்லாம் சொல்லிவந்தார். தோர்ப் கடைசிவரை அதை மறுத்தார். அந்த நாளில் ஆண்களுக்கிடையேயான உறவு இங்கிலாந்தில் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். 1967-ல்தான் சட்டம் தளர்ந்தது. அதனால் இதை வெறும் கிசுகிசுவாக எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு அரசியல் வாழ்க்கையை முடித்துவிடக்கூடிய பேச்சு அது.

1975 அக்டோபரில் எக்ஸ்மூர் என்ற மேட்டுவெளிப் பகுதியில், மழை இரவில், ஆண்ட்ரூ நியூட்டன் என்ற விமானி ஸ்காட்டைக் காரில் அழைத்துப் போனார். ‘உன்னைக் கொல்ல ஒருவன் வருகிறான், நான்தான் உன்னைக் காப்பாற்றப் போகிறேன்’ என்று சொல்லி நம்பவைத்திருந்தார். ஸ்காட்டுடன் ரிங்கா என்ற நாயும் இருந்தது. கிரேட் டேன் இனம், கன்றுக்குட்டி உயரம். வழியில் கார் நின்றது. நியூட்டன் துப்பாக்கியை எடுத்து நாயைச் சுட்டார். பிறகு ஸ்காட்டை நோக்கித் திருப்பினார். துப்பாக்கி சிக்கிக்கொண்டது. திட்டிக்கொண்டே காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பரபரப்பான கொலை வழக்கு என்று ஊரெல்லாம் பேசிய இந்த விவகாரத்தில் செத்தது ஒரே ஒரு நாய். எந்த மனிதரும் கொல்லப்படவில்லை. அப்படியானால் ஒரு கட்சித் தலைவர் ஏன் கூண்டில் நின்றார்?

கூட்டுச்சதி என்ற குற்றத்தின் தன்மை அப்படி. இரண்டு பேர் சேர்ந்து ஒருவரைக் கொல்வது என்று ஒப்புக்கொண்டாலே குற்றம் முழுமையாகிவிடுகிறது. கத்தியை எடுத்தார்களா, குறி தவறியதா என்பது அடுத்த கேள்வி. ஒப்பந்தமே குற்றம். அதே சமயம், என்ன செய்வதாக ஒப்புக்கொண்டார்கள் என்பதில்தான் வழக்கின் உயிர் இருக்கிறது. கொல்வதற்கா, மிரட்டுவதற்கா? மிரட்டுவதற்கு என்றால் அதுவும் தப்புதான். ஆனால் கொலைச்சதி ஆகாது. தோர்ப்பின் வழக்கறிஞர் ஜார்ஜ் கார்மன் இந்த இடைவெளியைச் சரியாகப் பிடித்துக்கொண்டார். ஏதோ ஒரு சதி இருந்திருக்கலாம், ஆனால் அது பயமுறுத்துவதற்கான சதியாக இருந்திருக்க முடியாதா என்று ஜூரியின் மனதில் ஒரு விதையைப் போட்டார். அரசுத் தரப்பு கொலைச்சதி என்றுதான் குற்றம் சாட்டியிருந்தது. அதை நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டிய சுமை அவர்கள் தலையில். கார்மனுக்கு எதையும் நிரூபிக்க வேண்டிய தேவையில்லை. சந்தேகத்தை எழுப்பினால் போதும்.

விஷயம் வெளியே வந்ததும் ஒரு விபத்துபோலத்தான். 1976 ஜனவரியில் வேறொரு சின்ன வழக்கில் நீதிமன்றம் வந்த ஸ்காட், சம்பந்தமே இல்லாமல் தோர்ப்பின் பெயரைச் சொல்லிவிட்டார். நீதிமன்றத்தில் சொன்னதைப் பத்திரிகைகள் அவதூறுப் பயமின்றி வெளியிடலாம். அடுத்த நாள் நாடு முழுக்கச் செய்தி. மே மாதம் தோர்ப் கட்சித் தலைமையிலிருந்து விலகினார். நாயைச் சுட்டதற்காகச் சிறை போன நியூட்டன் 1977-ல் வெளியே வந்து, ஸ்காட்டைக் கொல்லத்தான் தன்னை அமர்த்தினார்கள் என்று பத்திரிகைக்குச் சொன்னார். 1978 ஆகஸ்டில் தோர்ப்பும் மூன்று பேரும் குற்றம் சாட்டப்பட்டார்கள். ஒருவர் தோர்ப்பின் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழராக நின்ற டேவிட் ஹோம்ஸ். மற்ற இருவரில் ஒருவர் கம்பள வியாபாரி, இன்னொருவர் சூதாட்ட இயந்திரங்களை வைத்துத் தொழில் நடத்தியவர். வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றக் கனவானைச் சுற்றி இப்படி ஒரு கூட்டம் நிற்பதே கேலிக்காரர்களுக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிட்டது.

பணமும் வந்தது. ஜாக் ஹேவர்ட் என்ற பணக்காரர் கட்சிக்காகக் கொடுத்த 20,000 பவுண்டு, தோர்ப் கேட்டுக்கொண்டபடி கட்சிக் கணக்குக்குப் போகாமல் ஒரு நண்பர் வழியாக ஹோம்ஸிடம் போனது. அது எதற்கு என்பதுதான் அரசுத் தரப்பின் கேள்வி.

முதலில் மாஜிஸ்திரேட் முன் ஆரம்ப விசாரணை, மைன்ஹெட் என்ற சிறிய கடலோர ஊரில். இதில் ஒரு விதியைக் கவனிக்க வேண்டும். ஜூரிகள் பின்னால் பொதுமக்களிலிருந்துதான் வரப்போகிறார்கள். அவர்கள் முன்கூட்டியே செய்தித்தாளில் எல்லாவற்றையும் படித்து மனதில் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. அதனால் இந்தக் கட்டத்தில் சாட்சியத்தை வெளியிட அன்று தடை இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் கேட்டால் மட்டும் தடை நீங்கும். நால்வரில் ஒருவர் கேட்டார். ஒருவர் கேட்டதே போதும் என்றிருந்தது அப்போதைய சட்டம். தோர்ப் தரப்பு விரும்பவே விரும்பாத அத்தனையும் மறுநாள் காலைத் தேநீரோடு வீடு வீடாகப் போனது. பின்னர் 1981-ல் இந்த விதியை மாற்றினார்கள்.

அடுத்த கூத்து தேர்தல். 1979 மே 3 அன்று பொதுத்தேர்தல். தோர்ப் தன் விசாரணையைச் சில நாள் தள்ளிவைக்கச் சொல்லி, தன் நார்த் டெவன் தொகுதியில் நின்றார். அவரை எதிர்த்து எழுத்தாளர் ஆபரன் வோ ‘நாய்ப் பிரியர் கட்சி’ வேட்பாளராக நின்றார்! ரிங்காவை மறக்கவில்லை, எல்லா நாய்களுக்கும் உயிர்வாழும் உரிமை வேண்டும் என்பது அவர் தேர்தல் அறிக்கை. ‘வவ், வவ்’ என்று குரைப்பும் அதில் உண்டு. சிரிப்புக்குத்தானே என்று நீதிமன்றம் விட்டுவிடவில்லை. ஜூரியின் மனதைக் கெடுக்கும் என்று அறிக்கை பரவத் தடை போட்டது. வோவுக்குக் கிடைத்த வாக்குகள் 79. தோர்ப் தோற்றார்.

இதைப் படிக்கும்போது, கேலிக்கும் நீதிமன்றத்துக்கும் என்ன பகை என்று தோன்றலாம். பகையில்லை. காலம்தான் கணக்கு. விசாரணை நடக்கவிருக்கும்போதோ நடக்கும்போதோ, தீர்ப்பைப் பாதிக்கும்படி வெளியிடுவது நீதிமன்ற அவமதிப்பு. கட்டுரையா கார்ட்டூனா என்பது பொருட்டில்லை. தீர்ப்பு வந்தபின் அந்தக் கதவு திறந்துவிடுகிறது. தேர்தல் நேரத்தில் வோவின் வாயைக் கட்டிய சட்டம் ஜூன் கடைசியில் குக்கை ஒன்றும் செய்ய முடியாமல் போனது அதனால்தான்.

மே 8 அன்று லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் விசாரணை தொடங்கியது. நீதிபதி ஜோசப் கான்ட்லி. அரசுத் தரப்பின் பெரிய தூண்கள் மூன்று பேர்: ஸ்காட், நியூட்டன், முன்னாள் லிபரல் எம்.பி. பீட்டர் பெசல். ஸ்காட்டைக் கொல்வதைப் பற்றித் தோர்ப் தன்னிடம் பேசினார் என்பது பெசலின் சாட்சியம். குறுக்கு விசாரணையில் கார்மன் ஒரு ஒப்பந்தத்தை வெளியே எடுத்தார். பெசல் தன் கதையை ஒரு ஞாயிறு இதழுக்கு விற்றிருந்தார். தோர்ப் விடுதலையானால் 25,000 பவுண்டு. தண்டனை கிடைத்தால் 50,000 பவுண்டு. சாட்சியின் வாயிலிருந்து வருவதற்கு விலை மட்டுமல்ல, போனஸும் இருக்கிறது! இதற்குப் பிறகு அவர் சத்தியமே பேசியிருந்தாலும் ஜூரி நம்புவது கடினம். என்னைக் கேட்டால் வழக்கு உடைந்த இடம் இதுதான். நீதிபதியின் உரைக்கு முன்பே உடைந்துவிட்டது.

தோர்ப் சாட்சிக் கூண்டில் ஏறவேயில்லை. நாடாளுமன்றத்தையே சிரிக்கவைத்த பேச்சாளர் வாயே திறக்கவில்லை. அது அவர் உரிமை. பேசாமலிருப்பதைக் குற்றத்துக்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது அன்றைய சட்டம். நிரூபிக்க வேண்டிய சுமை எதிர்த்தரப்பில் இருக்கும்போது, குறுக்கு விசாரணைக்குக் கழுத்தை நீட்டுவானேன் என்பது கார்மனின் கணக்கு.

பிறகு கான்ட்லியின் தொகுப்புரை. தோர்ப்பை, மிகச் சிறப்பான பொதுவாழ்வு கொண்ட தேசியப் பிரமுகர் என்றார். பெசலை வேஷதாரி என்றார். ஸ்காட்டுக்கு வரும்போது சொற்கள் மழைபோல் விழுந்தன: ஏமாற்றுக்காரர், ஓசியில் பிழைப்பவர், எப்போதும் புலம்புகிறவர், ஒட்டுண்ணி. இத்தனையும் சொல்லிவிட்டு, ‘ஆனாலும் அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம், நம்புவதா இல்லையா என்பதே கேள்வி’ என்றார். ஸ்காட்டைப் பற்றிய என் கருத்தை நான் மறைக்கவில்லை என்பதற்காக, அவரை நம்பாதீர்கள் என்று நான் சொல்வதாக நினைத்துவிட வேண்டாம், அது என் வேலையல்ல என்றும் சொன்னார்.

மறுபடி ஒருமுறை படித்துப் பாருங்கள். சட்டப்படி இதில் எல்லாம் இருக்கிறது. அபிப்பிராயம் சொல்லலாம், சொன்னார். முடிவு உங்களுடையது என்று நினைவூட்ட வேண்டும், நினைவூட்டினார். கோட்டைத் தாண்டினாரா? எழுத்தில் தாண்டவில்லை. ஆனால் குழந்தையின் முன் லட்டுத் தட்டை நீட்டி, ‘எடுத்துக்கொள் என்று நான் சொல்லவில்லை’ என்பதுபோல் இருக்கிறது. விதி ஒரு வாக்கியமாகச் சுருங்கி, அந்த வாக்கியத்தை உச்சரித்தாலே விதியைக் காப்பாற்றியதாக ஆகிவிடும்போது நடப்பது இதுதான். நீதிபதியின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு: அந்த மூன்று சாட்சிகளும் உண்மையிலேயே பலவீனமானவர்கள். அதை ஜூரியிடம் எச்சரிக்காமல் விட்டால் அதுவும் பிழைதான். எச்சரிக்கைக்கும் வசைக்கும் உள்ள தூரத்தில்தான் அவர் வழுக்கினார் என்பது என் எண்ணம்.

ஜூரி உடனே திரும்பவில்லை. இரவுகளையும் சேர்த்து 52 மணி நேரம் ஆனது. நீதிபதி சொன்னதை அப்படியே கேட்டிருந்தால் அரை நாள் போதுமே! ஜூன் 22 அன்று நால்வரும் எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுவிக்கப்பட்டார்கள்.

‘குற்றவாளி அல்ல’ என்பதையும் ‘நிரபராதி’ என்பதையும் நாம் ஒன்றாகவே பேசிப் பழகிவிட்டோம். ஜூரி நற்சான்றிதழ் எதுவும் தருவதில்லை. இந்தக் குற்றச்சாட்டு சந்தேகமின்றி நிரூபிக்கப்படவில்லை என்று மட்டும் சொல்கிறது. ஆனால் சட்டத்தின் கண்ணில் அந்த மனிதர் முழுமையாகக் குற்றமற்றவர். இங்கிலாந்து நீதிபதியால் அந்தத் தீர்ப்பைத் தள்ளவும் முடியாது. இங்கேதான் நம் ஊர்ப் பழைய ஜூரி முறை வேறுபட்டது. 1959-ல் பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதிமீதான கொலை வழக்கில் 8 பேர் ‘குற்றவாளி அல்ல’ என்றும் ஒருவர் மட்டும் ‘குற்றவாளி’ என்றும் சொன்னபோது, செஷன்ஸ் நீதிபதி அதை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அங்கே தண்டனை விழுந்தது. நமக்கு நெருக்கமான இன்னொன்று லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. ‘இந்து நேசன்’ என்ற மஞ்சள் பத்திரிகையின் ஆசிரியர் 1944-ல் சென்னையில் குத்திக் கொல்லப்பட்டார். தியாகராஜ பாகவதரையும் என்.எஸ். கிருஷ்ணனையும் குற்றவாளிகள் என்று சொன்னது ஜூரியின் பெரும்பான்மை. அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947-ல்தான் இருவரும் விடுதலையாக முடிந்தது. 1973-ன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமேயில்லாமல் போனது.

இப்போது குக்குக்குத் திரும்பலாம். தோர்ப் விடுதலையாகி ஏறக்குறைய ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அவரைக் குற்றவாளி என்பதுபோல் பேசினால் அவதூறு வழக்கு வரும். குக் தோர்ப்பைத் தொடவில்லை, நீதிபதியைத் தொட்டார். அதுவும் புதிதாக ஒன்றையும் கற்பனை செய்யவில்லை. கான்ட்லியின் வசைப் பட்டியலை இன்னும் இரண்டு முழம் நீட்டினார். ‘முழுக்க முழுக்க உங்கள் விஷயம்’ என்ற சம்பிரதாய வாக்கியத்தை, எங்கே வந்தால் வெட்கமில்லாமல் தெரியுமோ அங்கே கொண்டுபோய் வைத்தார். ‘உங்கள் தீர்ப்பை ஆலோசியுங்கள்’ என்ற உண்மையான வரிக்குள் ‘குற்றவாளி அல்ல’ என்ற சொற்களைச் செருகினார். பார்வையாளர்களில் பலர் அசலைச் செய்தித்தாளில் படித்துவிட்டு வந்தவர்கள். அசலுக்கும் நகலுக்கும் எவ்வளவு குறைவான தூரம் என்பதில்தான் சிரிப்பு.

ஜூரி உள்ளே என்ன பேசியது? வழக்கு முடிந்த சில வாரங்களில், நியூ ஸ்டேட்ஸ்மன் வார இதழ் ஜூரிகளில் ஒருவரிடம் பேசி, பெயர் சொல்லாமல் வெளியிட்டது. பத்திரிகையுடன் பெசல் போட்ட ஒப்பந்தம் அவர்மீதான நம்பிக்கையை எப்படிக் குலைத்தது என்பது அதில் வெளிவந்தது. அரசு வழக்கு போட்டது. 1980-ல் தோற்றது, ஏனென்றால் அதைத் தடுக்கத் தெளிவான சட்டம் இல்லை. 1981-ல் சட்டமே வந்துவிட்டது. அதன் 8-ஆவது பிரிவின்படி, ஜூரி அறையில் நடந்த ஆலோசனையை வெளியிடுவது மட்டுமல்ல, அதைப் பற்றி ஜூரிகளிடம் கேட்பதே குற்றமானது. மீதி 11 பேர் கான்ட்லியின் உரையைக் கேட்டு என்ன நினைத்தார்கள் என்ற கேள்வியை அதன்பின் எந்தப் பத்திரிகையாளரும் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்க முடியவில்லை.